கம்பெனி குடும்பமாம்!

நமது பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களில் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் அடுத்தபடியாக இப்போது ஏராளமாய் விளைகின்ற சரக்கு என்னவென்றால், இஞ்சினீயரிங் படித்த வாலிபர்களேயாகும். மானாவாரிக் காட்டை விற்றும் அடகு வைத்தும் தகப்பன்மார்கள் படிக்க வைக்கின்றார்கள். படித்து வெளியே வந்த பிள்ளைகள் சென்னைக்கும், கோவைக்கும், பெங்களூருக்கும், பக்கத்துத் திருச்சிக்கும் பஸ் ஏறுகின்றார்கள். (பெரம்பலூர்க்காரர் பஸ்தான் ஏறவேண்டும். 1995இல் ஜில்லாத் தலைநகர் ஆன ஊருக்கு இதுவரை ரயில் வந்தபாடில்லை.) சிலருக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கின்றது. போகின்ற இடங்களில் பத்தாயிரம் பேர், லட்சம் பேர் வேலை செய்கின்ற பெரிய சாப்ட்வேர் கம்பெனிகளும் உண்டு. மருந்துக் கடைக்கும் நகைக் கடைக்கும் மேலே ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, முப்பது நாற்பது பேரை உட்காரவைத்து நடத்துகின்ற சின்னக் கம்பெனிகளும் உண்டு. இந்தச் சின்னக் கம்பெனிகளைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

இந்த முதலாளிகள் எல்லோரும் கூடிப் பேசி வைத்துக் கொண்டதுபோல ஒரே வாக்கியத்தைச் சொல்லுகின்றார்கள். “தம்பி, இது கம்பெனி அல்ல; நாம் எல்லோரும் ஒரே குடும்பம்” என்பதே அது. வேலைக்குச் சேருகின்ற அன்று சொல்லுகின்றார்கள். சம்பளம் இருபதாம் தேதி வரைக்கும் வராத மாதத்திலும் சொல்லுகின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லும்போதும் அதையே சொல்லுகின்றார்கள். அனுப்பிவிடுகின்ற அன்று மட்டும் சொல்லுவதில்லை.

குன்னம் தாலுக்காவைச் சேர்ந்த ஒரு வாலிபர் சென்ற மாதம் நமது படிப்பகத்துக்கு வந்திருந்தார். அவர் வேலை பார்த்த இடத்தின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். ஒருவரைத் தூற்றுவது நமது நோக்கமன்று. தகப்பனார் அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலையில் தொழிலாளி. மகன் மூன்று வருஷமாக நாற்பது பேர் உள்ள ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதி வந்தார். சேரும்போது எட்டுப் பேராக இருந்த கம்பெனி நாற்பது பேராக வளர்ந்தது. முதலாளியின் ஸ்கூட்டர் காராக வளர்ந்தது. இவருடைய சம்பளம் மட்டும் எட்டுப் பேர் காலத்துக் கணக்கிலேயே நின்றது. நியமனக் கடிதம் என்று ஒன்று அவர் கையில் கொடுக்கப்படவேயில்லை. அசல் சான்றிதழ்களையோ சேர்ந்த அன்றே வாங்கி வைத்துக் கொண்டார்கள். வேறு வேலைக்குப் போக நினைத்துச் சான்றிதழைக் கேட்டபோதும், கூடுதலாக உழைத்த மணிகளுக்குக் கூலி கேட்டபோதும் முதலாளி சொன்ன பதில் இதுதான்: “ஏனப்பா, அப்பாவிடம் பிள்ளை கணக்குக் கேட்பானா?”

தோழர்களே! அந்த ஒரு கேள்வியில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கின்றது. குடும்பம் என்ற சொல்லை அந்த முதலாளி தெரியாமல் எடுக்கவில்லை. நம் நாட்டில் குடும்பம் என்பது எது? கணக்குக் கேட்கக் கூடாத இடம். அங்கே விடியற்காலை எழுந்து சாணி தெளிப்பது முதல் இரவு பாத்திரம் கழுவுவது வரை பெண் மக்கள் செய்கின்ற வேலைக்குக் கூலி உண்டா? லீவு உண்டா? “எனக்கு இவ்வளவு சேரவேண்டும்” என்று கேட்டால் அடங்காப்பிடாரி என்று பெயர். பெரியவர் சொன்னதே சட்டம். எதிர்த்துக் கேட்பது பாவம். பொறுத்துக் கொள்ளுவது புண்ணியம். உலகத்தில் கூலி இல்லாமல் வேலை வாங்குவதற்கு அடிமை முறைக்கு அடுத்தபடி மனிதன் கண்டுபிடித்த மிகச் சிறந்த ஏற்பாடு இந்தக் குடும்பமேயாகும். ஆகவே கூலி கொடுக்காமல் வேலை வாங்க நினைக்கின்றவர் “குடும்பம்” என்பதில் என்ன ஆச்சரியம்? நமது வீட்டு மருமகள் நிலையைக் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி போட்டு நமது பையனுக்குக் கொடுத்திருக்கின்றார்கள்.

அப்படியாவது முதலாளி யாரிடமும் கணக்கே பார்க்காத மகானாக இருக்கின்றாரா என்றால் அதுவும் இல்லை. இதைக் கிராமத்துத் தோழர்களுக்குச் சற்று விளக்கிச் சொல்ல வேண்டும். இந்தச் சின்னக் கம்பெனிகளில் பெரும்பாலானவை சொந்தச் சரக்கு விற்பவை அல்ல. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ உள்ள ஒரு வியாபாரிக்கு வேண்டிய புரோகிராமை எழுதிக் கொடுத்து, அதற்கு மணிக்கு இத்தனை டாலர் என்று கூலி வாங்குகின்றன. அதாவது விற்பனையாகின்ற சரக்கு அந்தப் பையனுடைய மணிகளே. அதனால்தான் தினந்தோறும் மாலையில் ஒவ்வொருவரும் “டைம்ஷீட்” என்ற ஒரு தாளைக் கம்ப்யூட்டரில் நிரப்ப வேண்டியிருக்கின்றது. பத்து மணி முதல் பத்தே முக்கால் வரை இந்த வேலை, பத்தே முக்கால் முதல் பன்னிரண்டு வரை அந்த வேலை என்று கால் மணி விடாமல் எழுதவேண்டும். ஒரு நாள் எழுதத் தவறினால் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்குப் போன் வரும். மாதக் கடைசியில் அந்தத் தாள்தான் பில்லாக மாறிக் கடல் கடந்து போகின்றது, டாலர் வருகின்றது.

நியூயார்க்கில் காலை 9 மணி அடிக்கும்போது நமக்குக் கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. வெள்ளைக்காரர் காப்பி குடித்துவிட்டு வேலையைத் தொடங்குகின்ற நேரத்தில் நம் பையன் வீட்டுக்குப் போகக் கூடாது. அவரோடு பேச உட்காரவேண்டும். அந்த இரண்டு மூன்று மணியும் தாளில் ஏறும், பில்லிலும் ஏறும், சம்பளச் சீட்டில் மட்டும் ஏறாது. இரவு பத்து மணிக்குப் பீட்சா வாங்கிக் கொடுப்பார்களாம். வெள்ளைக்காரரிடம் கால் மணியைக் கூட விடாமல் எண்ணி வாங்குகின்ற ஒருவர், அந்தக் கால் மணியை உழைத்தவனிடம் திரும்பி, “குடும்பத்தில் மணி பார்ப்பார்களா?” என்று கேட்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம். ஒரே மணி ஒரு பக்கம் டாலராகவும் மறுபக்கம் பாசமாகவும் எப்படி ஆகும்?

சரி, தகப்பன் என்றால் நஷ்டத்தையாவது தாங்குவாரா? மேற்படி வாலிபர் சொன்னது: ஒரு நாள் நடு இரவில் சர்வர் நின்றுவிட்டது. வாடிக்கைக்காரர் கோபித்துப் பில்லில் கழித்துக் கொண்டார். மறு மாதம் இரண்டு பேர் சம்பளத்தில் அது பிடிக்கப்பட்டது. 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில் நமது அரியலூர் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தபோது, டில்லியில் இருந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பு தம்முடையது என்று ராஜினாமாச் செய்தார். பாலத்தை அவர் கட்டவில்லை. ரயிலை அவர் ஓட்டவுமில்லை. அவர் யாரையும் “பிள்ளை” என்று அழைத்ததாகவும் நமக்குத் தெரியவில்லை. பிள்ளை என்று அழைத்தவர்தான் பிள்ளையின் சம்பளத்தில் கை வைத்தார்.

இங்கே ஒரு ஆட்சேபணை கிளம்பும். “சின்ன முதலாளியும் கஷ்டப்படுகின்றவர்தானே? வீட்டை அடகு வைத்துத்தான் நடத்துகின்றார். வாடிக்கைக்காரர் பணம் அறுபது நாள் கழித்துத்தான் வருகின்றது. முதல் நாளே சட்டம் பேசினால் அவர் கடையை மூடிவிட்டுப் போகவேண்டியதுதான். அப்புறம் நம் பிள்ளைகளுக்கு ஏது வேலை?” என்று நமது தோழர்களிலேயே சிலர் கேட்கின்றார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. நாமும் அப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கின்றோம். பெற்றோர் நகையை விற்று ஊழியர் சம்பளத்தைக் கொடுத்துவிட்டுத் தாம் ஆறு மாதம் ஒன்றும் எடுத்துக் கொள்ளாத முதலாளிகளும் இருக்கின்றார்கள். அவர்களை நாம் குறை கூற வரவில்லை. ஆனால் கஷ்டம் என்றால் கஷ்டம் என்று சொல்லி, கணக்கைக் காட்டி, “இப்போது இவ்வளவுதான் தரமுடியும், பிறகு இவ்வளவு பங்கு தருகிறேன்” என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவதில் என்ன தடை? கஷ்டத்தில் மட்டும் பிள்ளைகள் கூட்டாளிகள், லாபம் வந்தால் அது அப்பாவின் சுயார்ஜிதம் என்பதைத்தான் நாம் ஆட்சேபிக்கின்றோம்.

எழுதிக் கையெழுத்துப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் பக்கத்து மனிதரே சாட்சி. பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரையில் திருச்சி ஜில்லாவாகவே இருந்தன. அந்தத் திருச்சியில் பிறந்த கிரிஷ் மாத்ருபூதம், ஷான் கிருஷ்ணசாமி என்பவரோடு சேர்ந்து 2010இல் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார். இன்று ஃபிரெஷ்வொர்க்ஸ் என்று பெயர். அங்கே வேலைக்கு வந்தவர்களுக்குப் பங்கு பத்திரமாகக் கொடுக்கப்பட்டது. 2021 செப்டம்பர் 22இல் அந்தப் பங்குகள் நியூயார்க் நாஸ்டாக் சந்தைக்கு வந்த அன்று, அதன் ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீசுவரர்களானார்கள். அவர்களில் 70 பேர் வரையில் முப்பது வயதுக்குட்பட்டவர்கள் என்று அவரே சொன்னார். இது முதலாளியின் பாசத்தால் நடந்ததா? காகிதத்தால் நடந்தது. பங்கு எழுதப்பட்டிருந்தது; ஆகவே கிடைத்தது.

அதே கம்பெனி 2024 நவம்பரில் என்ன செய்தது? வருமானம் முந்தின வருஷத்தைவிடக் கூடியிருக்கின்றது என்று கணக்கு வெளியிட்ட அதே சமயத்தில், சுமார் 660 பேரை, அதாவது நூற்றுக்குப் பதின்மூன்று பேரை, வீட்டுக்கு அனுப்புவதாகவும் அறிவித்தது. தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்க 40 கோடி டாலர் ஒதுக்குவதாகவும் அறிவித்தது. அனுப்பப்பட்டவர்களுக்கு எழுதி வைத்திருந்ததெல்லாம் கிடைத்திருக்கும். எழுதாத பாசம் கிடைத்திருக்காது. நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்ற பேச்சே இதில் இல்லை. கம்பெனி கம்பெனியாகவே நடந்துகொண்டது. நம்மவர்தான் குடும்பம் என்று நம்பி ஏமாறுகின்றார்கள்.

இன்னொரு உதாரணமும் சொல்லுவோம். 1996இல் அட்வெண்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009இல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக் கொண்ட கம்பெனி, 2005 முதல் ஒரு பள்ளி நடத்தி வருகின்றது. பிளஸ் டூ, டிப்ளமா முடித்த பிள்ளைகளை எடுத்து, அவர்களிடம் கட்டணம் வாங்காமல், மாதம் உதவித்தொகையும் கொடுத்து, புரோகிராம் எழுதக் கற்றுக் கொடுத்து வேலையும் தருகின்றது. 2011இல் தென்காசிப் பக்கம் மத்தளம்பாறைக் கிராமத்திலேயே ஆபீஸ் திறந்தது. அதன் தலைவரின் மற்ற அபிப்பிராயங்கள் பலவற்றிற்கும் நமக்கும் வெகு தூரம். அது இங்கே பேச்சல்ல. கிராமத்துப் பிள்ளைக்குப் பட்டமும் நுனிநாக்கு இங்கிலீஷும் இல்லாவிட்டாலும் மூளை இருக்கின்றது என்பதை அது காட்டியிருக்கின்றது. அங்கே கற்கின்றவனுக்குப் பணம் கொடுக்கின்றார்கள். நமது மாடிக் கம்பெனிகளில் சிலவற்றில் “டிரெயினிங்” என்று சொல்லிக் கற்கின்றவனிடம் ஐம்பதினாயிரம், லட்சம் என்று டெபாசிட் வாங்குகின்றார்கள். பிள்ளையிடம் பணம் வாங்கிக் கொண்டு சேர்த்துக் கொள்ளும் தகப்பனை இங்கேதான் பார்க்கின்றோம்.

பெண் மக்கள் சங்கதியைக் கேட்கவே வேண்டாம். நேர்முகத்திலேயே “கல்யாணம் எப்போது?” என்று கேட்கின்றார்கள். கல்யாணம் ஆனவரிடம் “பிள்ளை எப்போது?” என்று கேட்கின்றார்கள். இதுவும் குடும்பக் கேள்விகள்தான் போலும்! பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கின்ற இடத்தில் பிள்ளைப்பேற்றுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு என்று 1961ஆம் வருஷச் சட்டத்தை 2017இல் திருத்தியிருக்கின்றார்கள். ஆனால் ஒரு பெண் உண்டாகியிருக்கின்றாள் என்று தெரிந்த மாதத்தில்தான் நமது குடும்பத் தலைவர்களுக்கு அவள் வேலை சரியில்லை என்பதும் தெரியவருகின்றது. பெரிய கம்பெனிகளும் இதற்கு விலக்கல்ல. 2015 ஜனவரியில் டி.சி.எஸ். கம்பெனி ஆட்களை நீக்கியபோது, கர்ப்பிணியாக இருந்த ஒரு ஊழியர் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போய்த் தம்மை நீக்கியதற்குத் தடை வாங்கினார். அவர் ஒருவர் போனார். பேசாமல் பெட்டியைத் தூக்கிக் கொண்டு ஊருக்கு வந்தவர்கள் எத்தனை பேரோ!

இந்தக் கம்பெனிகளில் நடக்கின்ற பூஜை புனஸ்காரத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. மின்சாரத்தைக் கொண்டு, கணக்கைக் கொண்டு, ஒன்றையும் பூஜ்யத்தையும் கொண்டு வேலை செய்கின்ற இயந்திரத்துக்கு ஆயுதபூஜையன்று சந்தனம், குங்குமம், பொரி! சர்வர் அறையில் எலுமிச்சம்பழம்! ராகுகாலத்தில் புதிய புரோகிராமை ஏற்றக் கூடாதாம். வெள்ளைக்காரருக்கு ராகுவும் தெரியாது, காலமும் வேறு என்பதால் அவர் கேட்ட நேரத்தில் மட்டும் ஏற்றலாமாம். ராகு கூட டாலருக்கு வழிவிடுகின்றது. எலுமிச்சம்பழம் வைத்திருந்த சர்வர்தான் மேலே சொன்னபடி நடு இரவில் நின்றது. பழத்தின் சம்பளத்தில் ஏன் பிடிக்கவில்லை என்று அந்த வாலிபரைக் கேட்டோம். சிரித்தார். கம்பெனிக்கு வந்த பிறகு நான் சிரிப்பது குறைந்துவிட்டது என்றும் சொன்னார்.

அவருடைய தகப்பனாரைப் பற்றிச் சொன்னோமல்லவா? சிமெண்டு ஆலையில் சங்கு ஊதினால் உள்ளே போவார். எட்டு மணி கழித்துச் சங்கு ஊதினால் வெளியே வருவார். வாசலில் சங்கக் கொடி பறக்கும். தீபாவளிக்கு முன்னால் போனஸ் பேச்சு நடக்கும். 1979இல் தொடங்கிய சர்க்கார் சிமெண்டு ஆலை முதல் பிற்பாடு வந்த தனியார் ஆலைகள் வரையில் அரியலூர்க்காரருக்கு இது புதிதல்ல. சுண்ணாம்புத் தூசியை மூச்சில் இழுக்கின்ற தகப்பனுக்கு எட்டு மணி. குளிர்ந்த அறையில் உட்கார்ந்த மகனுக்குப் பன்னிரண்டு மணி! ஆனால் மகனோ தகப்பனாரின் கொடியைப் பார்த்துக் கேலி செய்து வந்தவர். “அது கூலிக்காரர் சமாச்சாரம், நாங்கள் புரொபஷனல்” என்பாராம். கழுத்தில் தொங்குகின்ற அடையாள அட்டையைப் பூணூல் என்று நினைத்துக் கொண்டால் இப்படித்தான் ஆகும்.

எட்டு மணி வேலை என்பது வானத்திலிருந்து விழுந்ததல்ல. 1923 மே முதல் தேதி தோழர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிச் செங்கொடி ஏற்றினார். இந்தியாவிலேயே அது முதல் மே தினம். சரியாக நூறு வருஷம் கழித்து, 2023 ஏப்ரலில், பன்னிரண்டு மணி வேலைக்கு வழிவிடுகின்ற ஒரு மசோதாவைத் தமிழ்நாட்டுச் சட்டசபை நிறைவேற்றியது. தொழிலாளர் எல்லோரும் கூச்சல் போட்டார்கள். அந்த வருஷம் மே தினத்தன்றே அது வாபஸ் என்று சர்க்கார் அறிவித்தது. அந்தக் கூச்சலில் சாப்ட்வேர் வாலிபர்களின் குரல் எவ்வளவு இருந்தது? அந்த வருஷம் அக்டோபரில் இன்போசிஸ் நாராயணமூர்த்தி வாலிபர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்டு டி தலைவர் சுப்பிரமணியன் 90 மணி என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெண்டாட்டி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக் கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். பெரிய முதலாளிகள் பேசினால் பத்திரிகைகளாவது கேலி செய்கின்றன. மாடிக் கம்பெனி முதலாளி பேசாமலே அதைச் செய்துகொண்டிருக்கின்றார்.

சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். 1947ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று சொல்லுகின்றது; ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத நோட்டீசும் அல்லது அதற்கீடான சம்பளமும் இல்லாமல் நீக்கக் கூடாது என்றும் சொல்லுகின்றது. இருபது பேர் இருந்தால் பிராவிடண்டு பண்டு கட்டவேண்டும். (ஆகையால்தான் பல இடங்களில் பத்தொன்பது பேர் ஊழியர், மிச்சப் பேர் “டிரெயினி”!) சாப்ட்வேர் ஊழியர் சங்கம் வைத்துக் கொள்ளத் தடையில்லை என்று 2016இல் தமிழ்நாடு சர்க்காரே தெளிவாக்கியிருக்கின்றது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் தொழிலாளிக்குப் பாதகமானவை பல உண்டு என்பதே நமது அபிப்பிராயம். ஆனாலும் வேலைக்கு வருகின்ற ஒவ்வொருவருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தாக வேண்டும் என்பது அவற்றிலும் இருக்கின்றது. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல என்று கல்லூரிகள் சம்பந்தப்பட்ட வழக்குகளில் சென்னை ஹைகோர்ட்டு சொல்லியிருக்கின்றது. நாற்பது பேர் உள்ள இடத்தில் ஏழு பேர் ஒன்று சேர்ந்து சங்கம் பதிய மனுப் போடலாம். இவ்வளவும் காகிதத்தில் இருக்கின்றன. எடுத்துக் கேட்கத்தான் ஆள் இல்லை. ஏனெனில் பிள்ளை அப்பாவைக் கேட்பானா?

நாம் அந்த வாலிபருக்கு வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று வருஷத்து டைம்ஷீட்டுகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொள், தனியாகப் போகாதே, வாயால் கேட்காதே, எழுதிக் கேள் என்றோம். அவர் தம்மோடு வேலை செய்கின்ற ஐந்து பேரைச் சேர்த்துக் கொண்டார். அதில் இருவர் பெண்கள். முதலில் கையெழுத்துப் போட்டவர்களும் அவர்களே. சான்றிதழ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், நியமனக் கடிதம் வேண்டும், கூடுதல் மணிகளுக்குக் கணக்கு வேண்டும் என்று ஒரே தாளில் எழுதி, ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பினார்கள். ஒன்பதாவது நாள் முதலாளி ஆறு பேரையும் கூப்பிட்டார். “நீங்கள் இப்படிச் செய்வீர்கள் என்று நான் நினைக்கவில்லையப்பா” என்று கண் கலங்கினாராம். பிறகு சாமி படத்துக்குக் கீழே இருந்த மேஜை டிராயரைத் திறந்து சான்றிதழ்களை எடுத்துக் கொடுத்தார். மற்ற இரண்டுக்கும் ஒரு மாதத் தவணை கேட்டிருக்கின்றார். எழுத்தில் தாருங்கள் என்றதும் எழுத்திலேயே தந்திருக்கின்றார்.

வாலிபர் அதை நம்மிடம் காட்ட வந்திருந்தார். உறையைப் பிரித்தோம். எல்லாம் சரியாக இருந்தன. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் மூலையில் மட்டும் ஆயுதபூஜைச் சந்தனம் ஒட்டிக் காய்ந்திருந்தது.